குரல் கேட்ட கற்கள்

பதிவில் ஒரு சொல் இருக்கவில்லை.

தனுசியா அந்த வசனத்தை முழுதாகத்தான் வாசித்திருந்தாள். "காட்டைத் தேடி வந்த துறவிகளை நகரம் தேடி வந்தது" என்பது வசனம். ஆனால் ஒலிப்பதிவு செய்த றெமிஜியஸ் அண்ணை பதிவைத் திருப்பிப் போட்டபோது, "காட்டைத் தேடி வந்த துறவிகளை" என்று அவளுடைய குரல் சொன்னது, பிறகு ஒரு வெறுமை, பிறகு "தேடி வந்தது." நடுவில் இருந்த 'நகரம்' என்ற சொல்லை யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய இடத்தில், அவள் இருந்து வாசித்த கல் மண்டபத்தின் எதிரொலிகூட மிஞ்சவில்லை.

"ஒருக்கா திரும்ப வாசிங்கோ பிள்ளை. வயர் எங்கையோ லூசாயிருக்கு," என்றார் றெமிஜியஸ் அண்ணை.

வாசித்தாள். மறுபடியும் அதே இடத்தில் அதே ஓட்டை. அவர் வயரை மாற்றினார். ஒலிவாங்கியை மாற்றினார். அதன்பிறகு சொல் பதிவில் விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் தனுசியாவின் தொண்டையில், மீன்முள் சிக்கியதுபோல, ஏதோ உரசியது.

ஸ்காபரோவில் தனுசியாவைக் குரலால் மட்டும் அறிந்தவர்கள் பலர். மட்டக்களப்பில் பிறந்து, சிறுமியாகக் கனடாவுக்கு வந்து, இப்போது தமிழ் வானொலி ஒன்றில் மாலைச் செய்தி வாசிக்கிறாள். பிளாசாவில் மரக்கறி விலை கேட்டால், முன்பின் தெரியாத அன்ரிமார் திரும்பிப் பார்த்து, "நீங்கள் றேடியோப் பிள்ளையெல்லே?" என்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் இந்த அருங்காட்சியகம் அவளை அழைத்திருந்தது. பார்வையாளர்கள் காதில் மாட்டிக் கேட்கும் விளக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு வானொலியிலிருந்தே றெமிஜியஸ் அண்ணையையும் கூட்டி வந்திருந்தாள்.

அருங்காட்சியகம் என்றாலும் அங்கே காட்ட ஒரேயொரு பொருள்தான் இருந்தது. ரொறன்ரோ நகரத்தின் கிழக்கே, தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் ஓடும் தெருவோரத்தில், பழைய செங்கல் தொழிற்சாலை ஒன்றுக்குள் ஒரு முழு மண்டபத்தைக் கல் கல்லாக அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். பிரான்சில் வால்மூர் என்ற இடத்திலிருந்த சிஸ்ரேர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளின் மடம் ஒன்றிலிருந்து வந்தது அது. துறவிகள் தினமும் காலையில் கூடிய மண்டபம். ரொறன்ரோப் பணக்காரர் ஒருவர் ஒரு காலத்தில் அதை வாங்கி, மரப்பெட்டிகளில் கப்பலேற்றிக் கொண்டுவந்து, கட்டுவதற்கு முன்னரே இறந்துபோனார். கற்கள் ஏரிக்கரைக் களஞ்சியமொன்றில் கிடந்து, இப்போதுதான் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

தாழ்ந்த வளைவுக் கூரை. மூன்று சுவர்களையும் ஒட்டி நீண்ட கல் இருக்கை, நூற்றாண்டுகளாக ஆட்கள் இருந்து இருந்து குழிந்தது. ஈரச் சுண்ணாம்பின் மணமும், அதற்கு அடியில், மழையில் நனைந்த ஆட்டு மயிர் போல இன்னொரு மணமும். வெளியே தை மாதக் காற்று தொழிற்சாலைக் கண்ணாடிகளை உலுப்பிக்கொண்டிருந்தது. ஸ்ரீட்கார் திரும்பும்போது இரும்பு கிரீச்சிட்டது. ஆனால் மண்டபத்தின் வாசல் வளைவுக்குள் ஒரு காலை வைத்தவுடன் அத்தனையும் அறுந்துபோனது. தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தியதுபோல.

"ஸ்ரூடியோவில வாசிச்சா நல்லாயிருக்கும்," என்று முதல் நாளே றெமிஜியஸ் அண்ணை கேட்டிருந்தார். பொறுப்பாளர் ஜூலி மறுத்துவிட்டாள். ஒல்லியான, வெளிறிய பெண். எப்போதும் கிசுகிசுப்பாகவே பேசினாள். "இங்கேதான் வாசிக்க வேண்டும். இந்த மண்டபத்தில் தினமும் ஒருவர் மட்டும் வாசிப்பார். மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதற்குத்தான் இதைக் கட்டினார்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போது அவள் தனுசியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள்.

வாசிப்பதற்குக் கொடுத்த சரித்திரம் சுவாரசியமாகத்தான் இருந்தது. அந்தத் துறவிகள் மனிதச் சத்தம் வேண்டாமென்று சதுப்புக் காட்டுக்குள் போனவர்கள். தங்களுக்குள்ளும் பேசமாட்டார்கள், கைச்சைகைதான். ஆனால் அவர்களுடைய ஆடுகளின் கம்பளி பெயர்பெற்றது. கம்பளியைத் தேடி வியாபாரிகள் வந்தார்கள், வியாபாரிகளைத் தேடிச் சந்தை வந்தது, சந்தையைச் சுற்றி வீடுகள் முளைத்தன. நூறு ஆண்டுகளில் மடம் ஒரு நகரத்தின் நடுவே நின்றது. கொல்லர்களின் சம்மட்டி, குடிகாரர்களின் சண்டை, மதிலுக்கு அப்பால் பிள்ளைகளின் கூச்சல். மடத்து அதிபர் பிரபுவிடம் முறையிட்டார். பலனில்லை. பிறகு ஒரு குளிர்காலம் வந்தது. அந்த முறை பனி உருகியதும் ஊருக்கு வந்த வியாபாரிகள் கண்டது இதுதான்: கடைகள் திறந்திருந்தன, அடுப்புகள் எரிந்தன, சனங்கள் நடமாடினார்கள். ஒருவரும் பேசவில்லை. நாய் குரைக்கவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளை வாயைத் திறந்து அழுதது, சத்தம் வரவில்லை.

ஏதோ தொண்டை நோயாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதாக அந்தப் பகுதி முடிந்தது.

அடுத்த நாள் அதைத்தான் வாசித்தாள். சம்மட்டி என்ற சொல் விழவில்லை. கூச்சல் விழவில்லை. பிள்ளை விழவில்லை. றெமிஜியஸ் அண்ணைக்கு முகம் கறுத்தது.

"மிச்சத்தை விடுங்கோ. இந்த அறையின்ர சத்தத்தை மட்டும் கொஞ்சம் எடுப்பம். ஆடாம அசையாம இருங்கோ."

இருந்தார்கள். பிறகு அவர் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "கேளுங்கோ."

கேட்டாள். "ஒண்டும் கேக்கேல்லையே அண்ணை."

"அதுதான் சொல்லுறன். ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் இருக்கும் பிள்ளை. காத்து, கரண்ட், சுவர். இந்த மைக்குக்கே ஒரு இரைச்சல் இருக்கு. அதுகூட இல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "மைக்கை ஆரோ கையால பொத்திப் பிடிச்ச மாதிரி."

சொல்லிவிட்டு, தாழ்த்திய குரலுக்காகத் தன்மீதே கோபப்பட்டவர் போல எழுந்து நின்றார். பெரிய உடம்பு, பெரிய குரல். ஊரில் கோயில் கூத்துகளில் ராசா வேடம் கட்டியவர். மண்டபத்தின் நடுவில் போய் நின்று, கைகளைப் பலமாகத் தட்டி, "ஓய்!" என்று கூவினார்.

எதிரொலி வரவில்லை.

குளிருக்காகத் தரையில் வைத்திருந்த மின் அடுப்பின் சிவப்புக் கம்பி மெல்ல மெல்லக் கறுத்தது. பிறகு, மூன்று சுவர்களையும் ஒட்டி ஒரே நேரத்தில், ஒரு சத்தம். தடித்த கம்பளித் துணிகள் உரசும் சத்தம். இருக்கைகளில் வரிசையாக இருப்பவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பினால் கேட்கக்கூடிய சத்தம்.

றெமிஜியஸ் அண்ணை பதிவுக் கருவியைக்கூட எடுக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவுக்கு வந்தபின்னர்தான் கையை விட்டார். "நான் இனி உதுக்குள்ள வரமாட்டன். நீங்களும் வராதேங்கோ." அவருடைய வாயிலிருந்து அவள் கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதான்.

மறுநாள் காலை அவருடைய இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. "அண்ணை?" என்றாள். பதில் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. வைக்கப் போனபோது, போனை விரலால் தட்டும் ஒலி கேட்டது.

"அண்ணை, நீங்களா? ஓமெண்டா ஒருக்கா தட்டுங்கோ."

ஒரு தட்டு.

"கதைக்க ஏலாமக் கிடக்கா?"

ஒரு தட்டு.

"பக்கத்தில ஆராவது நிக்கினமா?"

 பிறகு ஒரு தட்டு. இன்னொன்று. இன்னொன்று. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஆட்களை எண்ணிக் காட்டுவதுபோல, நிற்காமல். அவள் போனைக் காதிலிருந்து எடுத்த பின்னும் தட்டிக்கொண்டிருந்தது.

பிறம்ரனில் களஞ்சியமொன்றில் வேலை செய்யும் அவளுடைய கணவன் லக்ஷன் மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"என்ன தனு, நடுவில நடுவில நிப்பாட்டுறீர்?"

"நான் நிப்பாட்டேல்லையே."

"நிப்பாட்டுறீர். வாய் அசையுது, சொல்லு வருகுதில்லை." அவன் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "குளிர் பிடிச்சிட்டுது. கொத்தமல்லி அவிச்சுத் தாறன். றெமிஜியஸ் அண்ணைக்கும் உதுதான் வந்திருக்கும். இண்டைக்குச் செய்தி வாசிக்கப் போகாதையும்."

அவள் போகவில்லை. கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்தாள். தொண்டை நோகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நோகவில்லை, கரகரக்கவில்லை, வீங்கவில்லை. சில சொற்கள் அங்கே இல்லை. அவ்வளவுதான். நாக்கு அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பி வந்தது.

நான்கு மணிக்கு டேகெயாரிலிருந்து மகளைக் கூட்டிவரப் போனாள். தேனுகாவுக்கு நான்கு வயது. எதற்கும் சிரிப்பாள், அந்தச் சிரிப்புக்காகவே அவர்களுடைய அடுக்குமாடியின் எலிவேற்றரில் அந்நியர்கள் அவளோடு கதை கொடுப்பார்கள். பார்க்கிங் லொட்டில் இரவெல்லாம் கொட்டிய பனியைக் குவித்து ஒரு மலையாக்கியிருந்தார்கள். தேனுகா தாயின் கையை உதறிவிட்டு, சிரித்துக்கொண்டு, அதைப் பார்த்து ஓடினாள். மலைக்குப் பின்னாலிருந்து பனி வழிக்கும் வண்டியொன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

தனுசியா வாயைத் திறந்தாள்.

பெயர் வரவில்லை.

மூச்சு முழுவதையும் இழுத்துக் கத்தினாள். நரம்பு புடைத்தது. உதடும் நாக்கும் அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் சரியாக மடங்கின. ஒன்றுமில்லை. பிள்ளையின் இளஞ்சிவப்புக் குல்லாய் வண்டியின் பின்சில்லுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. அவள் ஓடினாள், வழுக்கி விழுந்தாள், முழங்காலில் தவழ்ந்தாள். யாரோ ஒரு மனிதர் தன் காரின் ஹோர்னை அழுத்தி அழுத்தி அடித்தார். வண்டி ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

"அம்மா," என்றாள் தேனுகா, பனிக்குள் முழங்காலிட்டுக் கிடந்த தாயைப் பார்த்து. "Why didn't you call me?"

அவள் பிள்ளையை வீட்டில் லக்ஷனிடம் விட்டாள். அவன் கேட்ட எதற்கும் பதில் சொல்ல அவளால் முடியவில்லை. கார்ச் சாவியை எடுத்தாள். அந்தக் கருவி இன்னும் மண்டபத்துக்குள்ளே கிடக்கிறது. அவளுடைய குரல் அதற்குள் கிடக்கிறது. அதை எடுக்க வேண்டும், அழிக்க வேண்டும், உடைக்க வேண்டும். வேறு எதையும் யோசிக்க அவளுக்குத் தெரியவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணியாகியிருக்கும். குளிர்காலத்து வெளிச்சம் செங்கற்களின் மேல் சாம்பலாகி வடிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டுமுன்னரே ஜூலி திறந்தாள். அவளுடைய கண்கள் அழுது வீங்கியிருந்தன. தனுசியாவைக் கண்டதும் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். பேசாதே என்பதுபோல், இரண்டு விரல்களால் உதட்டைத் தொட்டுக் கீழே இழுத்தாள். தெருப்பக்கம் காட்டிப் போ என்று தள்ளினாள். அவளை விலக்கிக்கொண்டு தனுசியா உள்ளே போனாள்.

மண்டபத்துக்குள்ளே யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழில். இனிமையாக. ஒரு சொல் சிந்தாமல்.

அவளுடைய குரல்.

வாசிப்பதற்குக் கொடுத்ததில் அவள் இன்னும் தொடாத பகுதி அது. துறவிகள் இந்த மண்டபத்தில் தினமும் ஒருவர்மீது ஒருவர் குற்றஞ்சாட்டுவார்கள் என்று அது சொன்னது. பெரும் குற்றம் மௌனத்தைக் கலைப்பது. பெயர் சொல்லப்பட்டவர் தரையில் முகங்குப்புற விழ வேண்டும். எழும்பச் சொல்லும்வரை எழும்பக் கூடாது. பேசாதவர்களின் மண்டபத்தில் குற்றஞ்சாட்டுவதற்கு மட்டும் ஒரு குரல் தேவைப்பட்டது என்றது அவளுடைய குரல். பிறகு, தாளில் இல்லாததை வாசித்தது.

"நான் குற்றஞ்சாட்டுகிறேன். றெமிஜியஸ். மண்டபத்தில் கூவினான்."

தனுசியா கருவியைத் தேடினாள். மேசையில் இருந்தது. அதன் விளக்கு எரியவில்லை.

"நான் குற்றஞ்சாட்டுகிறேன். ஜூலி. பூட்டிய அறையில் அழுதாள்."

வாசலில் நின்ற ஜூலியின் முழங்கால்கள் மடிந்தன. இரண்டு கைகளையும் விரித்து, நெற்றி கல்லில் இடிபட, அவள் குப்புற விழுந்தாள். அசையவில்லை. முதுகு மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது.

தனுசியா கருவியைத் தூக்கித் தரையில் அடித்தாள். சிதறியது. சத்தமில்லை. காலால் மிதித்தாள். சத்தமில்லை. குரல் நிற்கவில்லை. அது கருவியிலிருந்து வரவில்லை. இருக்கையிலிருந்து வந்தது. சுவரோரம், இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். ஒரே குரல், ஒன்று மாறி ஒன்றாக, வேறு வேறு வாய்களிலிருந்து.

போன் வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

வெள்ளைக் கம்பளியின் ஓரங்கள். முழங்கால்கள். முழங்கால்களின் மேல் கைகள். சுவரை ஒட்டி, வரிசையாக, இடைவெளியில்லாமல். ஈரக் கம்பளி மணத்தது. வெளிச்சத்தை இன்னும் உயர்த்தினால் முகங்கள் தெரியும்.

அவள் உயர்த்தவில்லை.

"நான் குற்றஞ்சாட்டுகிறேன். லக்ஷன். பிள்ளைக்குப் பாட்டுப் பாடுகிறான்."

வேண்டாம் என்றாள். வாய் மட்டும் சொன்னது.

"நான் குற்றஞ்சாட்டுகிறேன்," என்றது அவளுடைய குரல், ஒவ்வொரு இரவும் அவள் அந்தப் பெயரைச் சொல்லும் அதே குழைவோடு. "தேனுகா. சிரிக்கிறாள்."

ஓடினாள். ஜூலியைத் தாண்டி ஓடினாள். கார். நெடுஞ்சாலை. மழைநீர் போல் ஓடும் விளக்குகள். பக்கத்தில் ஒரு பெரிய லொறி வந்தது, மலைபோல, மிக அருகே. அதன் சில்லுகள் சுழல்வது தெரிந்தது, சத்தம் வரவில்லை. தன் காரின் ஹோர்னை அழுத்தினாள். கேட்கவில்லை. முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கேட்டதா, தற்செயலா, தெரியவில்லை. அழுதாள். அதுவும் கேட்கவில்லை.

எலிவேற்றர். பழக்கமான கறி மணம். நீண்ட நடைபாதை.

வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை.

ரீவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அதன் நீலமும் மஞ்சளும் தரையில் விழுந்து மாறிக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் லக்ஷன் குப்புறக் கிடந்தான். கைகள் இரண்டும் விரிந்து, நெற்றி தரையில் ஒட்டி. அவனுக்குப் பக்கத்தில், அதே மாதிரி, சின்னக் கைகளை விரித்துக்கொண்டு, தேனுகா.

பிள்ளையை வாரித் தூக்கினாள். சூடாக இருந்தாள். மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. தாயைக் கண்டதும் அந்த வாய் சிரிப்பதற்காக அகல விரிந்தது, வயிறு குலுங்கியது, தோள்கள் குலுங்கின. ஒரு சின்ன ஒலிகூட வெளியே வரவில்லை. பிறகு, யாரோ அதட்டியதுபோல், முகம் சட்டென்று ஒடுங்கியது. தேனுகா தாயின் பிடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். தகப்பனுக்குப் பக்கத்தில் போய், ஒழுங்காகப் படுத்து, கைகளை விரித்து, நெற்றியைத் தரையில் வைத்தாள்.

சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டில், செய்தி வாசிப்பதுபோல் தெளிவாக ஒரு குரல் ஒரு பெயரைச் சொன்னது.

ஏதோ பாரமானது விழுந்து தரை அதிர்ந்தது.

அதற்கடுத்த வீட்டில் இன்னொரு பெயர். இன்னொரு அதிர்வு.

தனுசியா வாசலுக்கு வந்தாள். நடைபாதையில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. சமைத்த கையோடு பெண்கள் வந்தார்கள், வேலை உடுப்போடு ஆண்கள் வந்தார்கள், ஊன்றுகோலோடு கிழவர் ஒருவர் வந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மங்கிய கம்பளத்தின் மேல், எலிவேற்றர்வரை, சுவரோடு சுவராக, ஒருவர் பக்கத்தில் ஒருவராக அவர்கள் முகங்குப்புறப் படுத்தார்கள். கிழவருக்கு முழங்கால் மடங்கவில்லை. இரண்டு தரம் முயன்று, அழுதுகொண்டே படுத்தார். அவர்களின் முதுகுகளுக்கு மேலே, அந்த நடைபாதை முழுவதையும் நிரப்பிக்கொண்டு, அவளுடைய குரல் மேல்மாடிக்காரர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கியது.